லுசோரியோவின் சுத்த ரத்தம்

பேரன் பிறந்து நான்கு வருஷமாகியும் லுசோரியோவுக்கு அந்த ஒரு மனக்குறை தீரவில்லை. பையனிடம் தன் ஜாடை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. விரிந்து நிற்கும் காது சம்பந்தி பிரியாமோவுடையது. மூக்கும் அவருடையதே. ஆட்டுக்குப் பின்னால் போகிறவர்களைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதும் அவரிடமிருந்து வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் பெண்கள் பேரன் சிமோனேயின் கன்னத்தைக் கிள்ளி, "அச்சு அசல் பிரியாமோ" என்று கொஞ்சும்போதெல்லாம் லுசோரியோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெல்ல நகர்ந்துவிடுவார்.

பவுலிமன்னு உப்பங்கழி ஓரத்து ஊர். அங்கே பரம்பரை விவசாயி வீட்டுப் பெண் ஆட்டுக்காரன் வீட்டுக்குப் போவது நடக்காத காரியம். லுசோரியோவின் ஒரே மகள் ரிமேதியா அதை நடத்திக் காட்டினாள். பிரியாமோ வாலிபத்தில் மலைமேல் ஃபொன்னியிலிருந்து ஆடுகளோடு இறங்கி வந்தவர், அப்படியே தங்கிவிட்டவர். அவர் மகன் பஸ்தியானுவைத்தான் கட்டுவேன் என்று ரிமேதியா ஒற்றைக்காலில் நின்றாள். லுசோரியோ கத்திப் பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். கடைசியில், பெண்ணை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில், தன் வயலின் ஓரத்திலேயே வீடு கட்ட இடம் கொடுத்துவிட்டார். வயல் ஃபாவா வயல். விரல் நீளக் காய்க்குள் கட்டைவிரல் அளவு கொட்டை இருக்கும் பெரிய மொச்சை அது.

ஃபாவாதான் லுசோரியோவின் பெருமை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ஊர்ச் சதுக்கத்தில் பெரிய கொப்பரையில் காய்ந்த ஃபாவாவையும் பன்றிக் கொழுப்பையும் போட்டு வேகவைத்து ஊருக்கே ஊற்றுவார்கள். ஃபாவா அவர் வயலுடையது, துடுப்பும் அவர் கையில்தான். முதல் கரண்டி யாருக்கு, கொழுப்புத் துண்டு யாருக்கு என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். பிரியாமோவின் கிண்ணத்தில் கொழுப்பு விழுந்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இன்னொரு பெருமை ரத்தம். லுசோரியோவின் சிறுவயதில் சதுப்புநிலக் கொசுக்கள் பாதி ஊரை மண்ணுக்கு அனுப்பின. குளிர்காலத்தில் புல்லுக்காக இறங்கி வரும் மலைக்காரர்கள் மாட்டுவண்டியில் படுத்த வாக்கில் திரும்பிப் போவார்கள். லுசோரியோ வீட்டு அண்ணன் தம்பிகளில் ஒருவரைக்கூட அந்த மலேரியாக் காய்ச்சல் அசைக்கவில்லை. ஃபாவா தின்று ஊறிய ரத்தம் என்பது அவர் கட்சி. பிரியாமோவின் அண்ணன் ஜுவான்னே கழியோரக் கொட்டகையில் காய்ச்சலில் கிடந்து செத்தவர். அது தெரிந்தேதான் லுசோரியோ பாரில் உட்கார்ந்து, "மலைக்காரங்க ரத்தம் பால் மாதிரி. ஒரு கொசு ஊதினா திரிஞ்சிடும்" என்பார். சிரிப்பவர்கள் சிரிப்பார்கள். பிரியாமோ தன் கோப்பைக்குள் பார்த்தபடி இருப்பார்.

இப்பேர்ப்பட்ட ரத்தம் வருஷா வருஷம் ஏப்ரலில், பச்சை ஃபாவா இறங்கும் சமயத்தில், அவரைக் கட்டிலில் தள்ளிவிடும். கண் மஞ்சளிக்கும், எழுந்தால் தலை சுற்றும், சிறுநீர் சிவப்பு ஒயின் போல இறங்கும். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ரத்தம் புதுப்பித்துக்கொள்கிறதாம், பாம்பு சட்டை கழற்றுவதுபோல. மனைவி அசுந்தா கசப்புக்கீரைத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். நாலு நாளில் எழுந்து உட்கார்ந்து, முன்னைவிட இளமையாக இருப்பதாக அறிவிப்பார்.

அந்த ஏப்ரலில் சிமோனே வேலிச் சுவர் ஏறிக் குதித்து வயலுக்கு வந்தான். ரிமேதியா வீட்டில் இல்லை. அதுவரை அவள் பையனுக்கு ஃபாவா கொடுத்ததில்லை. சின்னப் பிள்ளைக்குச் செரிக்காது என்று மாமியார் சொல்லியிருந்தாள். லுசோரியோவுக்கு அதுவும் மலைக்காரத்தனமாகவே பட்டது. காயை உரித்து, பச்சைக் கொட்டையை உப்பில் தொட்டு, பேரன் வாயில் ஒன்றொன்றாகப் போட்டார்.

"தின்னுடா. இதைத் தின்னா காது சின்னதாகும்."

பையன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தின்றான். மடி நிறையத் தோல் சேர்ந்தது. அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் மாலை பையன் விளையாட எழவில்லை. அதற்கடுத்த நாள் உதடு வெளுத்து, முகம் பழைய மெழுகுவர்த்தி நிறத்துக்கு வந்துவிட்டது. சட்டியில் இறங்கிய சிறுநீரைப் பார்த்து ரிமேதியா அலறினாள். கண் திருஷ்டி என்று பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரில் கோதுமை மணி போட்டுப் பார்த்தாள். பஸ்தியானு அதற்குமேல் பொறுக்கவில்லை. சீஸ் ஏற்றிப் போகும் வேனிலேயே எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கலியாரி ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

குழந்தைகள் வார்டில் இருந்தது இளவயது டாக்டரம்மா, ஃப்லோரிஸ் என்று பெயர். பையனின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "ஃபாவா சாப்பிட்டானா?" ரிமேதியா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை லுசோரியோ ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். முதலில் சட்டைக் கையைச் சுருட்டியது லுசோரியோதான். இரண்டு தாத்தாக்களிடமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த நர்ஸ் பிரியாமோவைக் கூப்பிட்டாள். லுசோரியோவுடையது இப்போது வேண்டாம், பெரிய பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றாள். அதே பரிசோதனைக்கென்று அசுந்தாவிடமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரியாமோவின் ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பேரனுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் லுசோரியோ. பையன் பிழைத்தால் போதும் என்று புனிதர் சந்த் எஃபிசியோவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். நேர்ந்த கையோடு மனைவியின் காதில், "காதுதான் அவனோடதுன்னு நினைச்சேன். இப்ப ரத்தமும் அவனோடதாப் போச்சு" என்றார். அசுந்தா அவரைப் பார்க்கக்கூட இல்லை.

விடிந்தபோது பையன் எழுந்து உட்கார்ந்து பால் கேட்டான். டாக்டரம்மா எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள். சிவப்பணு ஒவ்வொன்றுக்குள்ளும் காவல்காரன் மாதிரி ஒரு என்சைம் இருக்கிறது. அதைச் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் எழுதியிருக்கிறது. சில குடும்பங்களில் அந்த எழுத்தில் ஒன்று மாறிப்போய்விடுகிறது, காவல் இல்லாமல் போகிறது. சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஃபாவா உள்ளே போனால் அணுக்கள் உடைந்துவிடும். இது பிறவியிலேயே வருவது, என்றாள்.

பிறவி என்ற சொல் காதில் விழுந்ததும் லுசோரியோவுக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பிறவி என்றால் வம்சம், வம்சம் என்றால் மலை. அதற்குமேல் டாக்டரம்மா சொன்னதைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. ரிமேதியாதான் கேட்டாள். மகனுக்கு இது தாய் வழியாகத்தான் வரும், தகப்பன் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னதை வேனில் திரும்பும்போது அப்பாவிடம் சொல்லியும் பார்த்தாள். அதற்கும் லுசோரியோவிடம் விளக்கம் இருந்தது.

"அப்ப உங்கம்மா வழி. அவ பாட்டி மலையடிவாரத்துக்காரி."

ஃபாவா தின்றே ஆளான தன்மேல் யாராவது விரல் நீட்ட முடியுமா என்று பஸ்தியானுவின் பிடரியைப் பார்த்துக் கேட்டார். பஸ்தியானு கியரை மாற்றினான்.

வீடு வந்து சேர்ந்ததும் ரிமேதியா உள்ளே போகவில்லை. சுவருக்கு அந்தப்புறம் ஃபாவா இடுப்பளவு வளர்ந்து, பூவும் காயுமாக நின்றது.

"இதை உழுதுடுங்கப்பா. நாலு வயசுப் பிள்ளையை நான் கட்டிப்போட்டு வளக்க முடியாது."

"காய் முத்தற நேரம்மா."

"அப்ப நாங்க ஃபொன்னிக்குப் போறோம். அவரோட அத்தை வீடு இருக்கு. அங்க ஃபாவாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயலா பேரனான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

எந்தப் பயத்தில் அவர் வீடு கட்ட இடம் கொடுத்தாரோ அதே பயம் இப்போது சுவருக்கு அந்தப்புறம் நின்று பேசியது. அன்றைக்கே உழுதிருப்பார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் வயலை உழுதால் ஊர் என்ன சொல்லும்? ஆட்டுக்காரன் ரத்தத்தில் இருக்கும் ஓட்டைக்காக விவசாயி விளைந்த பயிரை அழித்தான் என்று சொல்லும். குற்றம் யார் பக்கம் என்று முதலில் ஊருக்குத் தெரியட்டும், பிறகு உழுதால் அது பெருந்தன்மையாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் ஃபாவா பயிரிடக் கூடாது என்று மேயர் ஒரு உத்தரவும் அனுப்பினார். லுசோரியோ அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜைக் காலுக்குக் கீழே செருகினார்.

அடுத்த வாரம் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதிக்க டாக்டரம்மாவே ஊருக்கு வருகிறாள், ஆஸ்பத்திரியில் இவர்களிடம் எடுத்த ரத்தத்தின் முடிவுகளையும் கொண்டுவருகிறாள் என்று தெரிந்தது. சனிக்கிழமை பாரில் லுசோரியோ எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என் ரத்தத்துல குத்தம்னு அந்தம்மா சொன்னா, என் கையாலயே படலைத் திறந்து பிரியாமோ ஆட்டை என் ஃபாவாவுக்குள்ள விடறேன்."

தன் வயலில் வாய் வைத்த ஆடுகளைக் கல்லால் அடித்தே கை பழகியவர் அவர் என்பது ஊர் அறிந்தது. எல்லோரும் பிரியாமோ என்ன பந்தயம் கட்டப்போகிறார் என்று பார்த்தார்கள்.

"ஆடு எங்க வேணா மேயும் சம்பந்தி. பையன் இங்கயே இருந்தா போதும்" என்றார் அவர்.

இதையும் லுசோரியோ தோல்வி பயம் என்றே எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்த அன்று பள்ளிக்கூடக் கூடத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் அதிகம். லுசோரியோ ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். சின்ன பெஞ்சுகளில் முழங்கால் மோவாயைத் தொட ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரிமேதியா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். வேனில் மூட்டை முடிச்சுகள் ஏறியிருந்தன.

டாக்டரம்மா லுசோரியோவைப் பார்த்ததும் தயங்கினாள். "உள்ள வாங்க, தனியாப் பேசலாம்" என்றாள்.

"இங்கயே சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, பின்னால செவிடங்க உக்காந்திருக்காங்க."

அவள் சொன்னாள். பிரியாமோவின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அசுந்தா அம்மாவுடையதும் அப்படியே. லுசோரியோ தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாவது பெயருக்கு முன்னால் அவள் மூச்சு வாங்கியதைக் கவனிக்கவில்லை.

"உங்க ரத்தத்துல அந்த என்சைம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல ஐயா. உங்ககிட்டருந்து மகளுக்குப் போயிருக்கு. மகள்கிட்டருந்து பேரனுக்கு."

யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள். லுசோரியோ நிதானமாகவே பேசினார். பல் முளைத்ததிலிருந்து ஃபாவா தின்பதாகவும், தன்னைப் பார்த்தால் நோயாளி மாதிரி இருக்கிறதா என்றும் கேட்டார். சிலருக்கு ஒவ்வொரு முறையும் வராது, வந்தாலும் உயிர்போகும் அளவுக்கு வராது என்றாள் டாக்டரம்மா. பிறகு, வசந்தகாலத்தில் எப்போதாவது கண் மஞ்சளித்ததுண்டா என்று கேட்டாள்.

லுசோரியோ ஜன்னலைப் பார்த்தார். பதில் வேறு இடத்திலிருந்து வந்தது.

"எப்பவாவதா? வருஷா வருஷம்" என்றாள் அசுந்தா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. ரத்தம் புதுப்பிக்குதுன்னு சொல்வாரு. நானும் அவர் சட்டியைக் கழுவிக் கழுவி வச்சுக்கிட்டு, நம்பிக்கிட்டுதான் இருந்தேன்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. செவிடர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் காதில் கத்திச் சொன்னார்கள், அவர்கள் தனியாக ஒருமுறை சிரித்தார்கள். லுசோரியோவின் கழுத்து சட்டைக் காலருக்குள் இறங்கிவிட்டது. டாக்டரம்மாவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவருக்காகப் பேசினாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சதுப்புநிலத்து ஊர்களிலெல்லாம் இது பரவலாக இருக்கிறது, மலையில்தான் அபூர்வம் என்றாள். பழைய காய்ச்சல் இருந்ததே, அதன் கிருமிக்கு இந்த ரத்தம் ஒத்துக்கொள்ளாது. இந்தக் குறை இருந்தவர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், குறையும் கூடவே வந்தது.

"உங்க குடும்பம் அந்தக் காலத்துல தப்பிச்சதே இதனாலயா இருக்கலாம்" என்று முடித்தாள்.

எந்த ஃபாவாவுக்கு அவர் இத்தனை வருஷம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாரோ, அதற்கு அதில் சம்பந்தமே இல்லை. அவரைக் காப்பாற்றியது அந்த ஓட்டை. லுசோரியோவுக்கு இது மெதுவாகத்தான் உறைத்தது. பிரியாமோவுக்குச் சீக்கிரமே உறைத்துவிட்டது போலும். பெஞ்சிலிருந்து அவர் குரல் வந்தது. கேள்வி மாதிரியும் இல்லை, புகார் மாதிரியும் இல்லை.

"அப்ப எங்க அண்ணனுக்கு அது இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பால் திரிவதைப் பற்றித் தான் பாரில் எத்தனை தடவை பேசியிருப்போம் என்று லுசோரியோ நினைத்துப் பார்த்தார். கூசிப்போனார். ஊர் சிரித்தபோது வந்த வெட்கம் வேறு, இது வேறு. அது முகத்தோடு நின்றது. இது உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. எழுந்து கதவருகே போனார். மகளிடம், "மூட்டையை இறக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் ஊரில் பாதி சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. லுசோரியோ படலைத் திறந்து ஓரமாக நின்றார். பிரியாமோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். வந்த ஆடுகள் படலுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டன. அந்த வயலிலிருந்து பறந்து வரும் கல் எப்படி வலிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் தெரியும், அதிலும் கல் எறிகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார். நாய் குரைத்தது, பஸ்தியானு விசிலடித்தான், ஒன்றும் நகரவில்லை. கடைசியில் லுசோரியோவே மணி கட்டிய கிடாயின் கொம்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று. ஒரு கொத்து ஃபாவாவைப் பிடுங்கி அதன் வாயில் ஊட்டியும்விட்டார். சுவர் மேல் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதன்பிறகு மற்ற ஆடுகளை யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

இருவரும் சுவர் நிழலில் உட்கார்ந்து, வயல் கொஞ்சம் கொஞ்சமாக மொட்டையாவதைப் பார்த்தார்கள்.

"ஜுவான்னே பத்தி நான் பேசினதெல்லாம்..." என்று லுசோரியோ ஆரம்பித்தார்.

"ஆடு சாப்பிடுது சம்பந்தி. சாப்பிடறப்ப பேசக்கூடாது" என்றார் பிரியாமோ. இடைவாரிலிருந்து கத்தியை எடுத்து, சீஸை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை நீட்டினார். கொழுப்புத் துண்டே விழாத அந்தக் கிண்ணம் லுசோரியோவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு வாங்கித் தின்றார்.

அடுத்த தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கொப்பரைக்கு ஃபாவா பக்கத்து ஊரிலிருந்து வந்தது. துடுப்பைப் பிடித்தது பிரியாமோ. லுசோரியோவே முன்மொழிந்தது அது. ஆட்டுக்காரன் கிளறினால் அடிப்பிடிக்கும் என்று சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் கொழுப்புத் துண்டு எல்லார் கிண்ணத்திலும் விழுந்ததும் முணுமுணுப்பு நின்றது. லுசோரியோ பேரனைக் கூட்டிக்கொண்டு சதுக்கத்தின் எதிர்க்கோடியில், கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரொட்டியும் பிரியாமோ வீட்டு சீஸும் இருந்தன.

கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போன ஒருத்தி நின்று பையனின் கன்னத்தைக் கிள்ளினாள். "அச்சு அசல் பிரியாமோதான்" என்றாள்.

இந்த முறை லுசோரியோ நகரவில்லை. "வெளியிலதான் அப்படி. உள்ள நான்தான். வேணும்னா டாக்டரம்மாவைக் கேளு, எழுதியே கொடுத்திருக்காங்க."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். சிமோனே கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் ஊத்தறாங்க. நமக்கு மட்டும் ஏன் தாத்தா இல்ல?"

"அது சாதாரண ஆளுங்க சாப்பாடுடா" என்றார் லுசோரியோ. "நம்ம வம்சம் வேற."

பையனுக்கு அது போதுமானதாக இருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு ரொட்டியைக் கடித்தான். கொப்பரைப் பக்கமிருந்து காற்று திரும்பியது. வெந்த ஃபாவாவும் உருகிய கொழுப்பும் கலந்த வாசனை படியேறி வந்தது. லுசோரியோ எச்சிலை விழுங்கிக்கொண்டு பேரனின் காதைப் பக்கவாட்டில் பார்த்தார். இப்போது பார்த்தால், அதிலும் கொஞ்சம் தன் ஜாடை இருப்பதாகத்தான் பட்டது.